வாய்க்கால் கரையில் யாரும் குடியில்லை

கார்த்திகை மாதத்தில் தலத்தெருவில் இருக்கும் என் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து, பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து, ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம். ஊருக்குள் ஓடும் வாய்க்கால்தான் காரணம். மேற்கே தமிழ்நாட்டு வயல்களில் வடிகிற தண்ணீரெல்லாம் எங்கள் ஊரைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். வாய்க்கால் அகலமாக இருந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. ஆழமாக இருந்த இடத்தில் குப்பை. தண்ணீர் வேறு எங்கே போகும், எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்.

அக்கம்பக்கத்தார் என்னைத்தான் திட்டுவார்கள். அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் நான் இளநிலைப் பொறியாளர். "மேடம் வூட்லயே தண்ணி நிக்கிது, நமக்கு எங்க வடியப்போவுது" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டப் பணம் கேட்டு எழுதினால், வடிவமைப்பு எங்கே என்று புதுச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரும். வடிவமைப்புக்குப் பணம் கேட்டால், கட்டவே பணம் இல்லாதபோது வடிவமைப்பு எதற்கு என்று பதில் வரும். இரண்டு பதிலிலும் ஒரே ஆளின் கையெழுத்துதான் இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நிதி நிறுவனம் வடிவமைப்புக்கு மட்டும் பணம் தர முன்வந்தது. அளவெடுப்பது, மண்ணைச் சோதிப்பது, வரைபடம் போடுவது, இவ்வளவுக்கும் பணம். எங்கள் செயற்பொறியாளர் அந்தக் கடிதத்தை ஏதோ கோயில் பிரசாதம் வந்த மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கரையில் யாராவது குடியிருந்தால் அவர்களை வீடு வீடாகப் பட்டியல் போட்டு, மாற்று இடம் கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். யாரும் குடியில்லை என்றால் பணம் உடனே வந்துவிடும். நல்ல நிபந்தனைதான். அதை எழுதியவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மாற்று இடம் என்று ஒரு கோப்பு கிளம்பினால், அது எத்தனை மேசை ஏறி இறங்கி என்றைக்குத் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"கரையில எத்தன வீடும்மா இருக்கு?" என்று செயற்பொறியாளர் கேட்டார்.

"பதினொண்ணு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "நல்லாப் பாத்தீங்களா? அதுல எத்தன வீடு, எத்தன கொட்டகை?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நானே புரிந்துகொண்டேன். புரிந்துகொள்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

அந்தப் பதினொன்றில் ஒரு வீடு எங்கள் மீன்காரம்மாவுடையது. மண்டபத்தூரில் பிறந்தவர். கணவர் கேரளாவுக்குப் போட் வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இவர் கைக்குழந்தையோடு ஊரை விட்டு வந்து வாய்க்கால் கரையில் கீற்றில் ஒரு குடிசை போட்டார். அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றே கீற்றைத் தகரமாக்கினார், மண்சுவரைக் கல்சுவராக்கினார், மகளைக் கட்டிக்கொடுத்தார். மகளைக் கொடுத்ததும் அதே மண்டபத்தூரில்தான். மாப்பிள்ளை சொந்தப் படகு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. மாமியார் வாய்க்காரி. கல்யாணத்தின்போதே, "வாய்க்காங் கரையில பொண்ணு எடுத்துருக்கோம்" என்று பந்தலில் வைத்துச் சொன்னவள்.

அந்தத் தை மாதம் மகளுக்கு ஆறு மாதம். மீன்காரம்மா எந்த மீனை அரிந்தாலும் பேச்சு அதில்தான் வந்து நிற்கும். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்பு போட்டு அழைத்துவந்து, பிள்ளை பெற்று, சீர் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் அந்த மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதற்காகவே மழைக்கு முன்னால் கடன் வாங்கித் தரைக்கு சிமெண்டு பூசியிருந்தார். "எம்மவ வந்து படுக்க ஒரு தரை வேணும்ல மேடம்" என்பார்.

நிதி நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரி கரையைச் சரிபார்க்க வருவதாகத் தேதி குறித்தார்கள். அதற்கு முதல் நாள் காலை மீன்காரம்மா என் வீட்டு வாசலில் கூடையை இறக்கினார். கிழங்கா மீன். அரிவாள்மனையைப் போட்டவர் அரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கணக்கெடுக்க வர்றாங்களாமே மேடம்? பேரு எழுதுவாங்களா?"

"ஆள் இருந்தா எழுதுவாங்க."

"பைபாஸ் போட்டப்ப எழுதுனாங்கள்ல? எழுதுன வூடு பூரா போச்சு. எழுதாத வூடு ரெண்டு இன்னும் நிக்கிது. அதனால எங்காளுவோ எல்லாம் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிடலாம்ங்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சொல்லுங்க. இருக்கவா, பூட்டவா?"

பைபாஸ் கதை எனக்குத் தெரியும். பெயர் எழுதிய வீடுகள் போனது உண்மை. ஆனால் அவர்களுக்குத் தருமபுரத்துக்கு அந்தப் பக்கம் மனை கொடுத்தார்கள். கொடுக்க இரண்டு வருடம் இழுத்தடித்தார்கள், அதனால் இடித்ததைப் பார்த்தவர்கள் கொடுத்ததைப் பார்க்கவில்லை. எழுதாத இரண்டு வீடும் தப்பியது சாலை வளைந்து போனதால். பெயர் எழுதுவதால்தான் வீடு போகிறது என்று கரை முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. அது தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "இருங்கம்மா, முதல் ஆளா நின்னு பேரு குடுங்க" என்று சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது இதுதான். "எதுக்கும்மா வம்பு? ஒரு பொழுதுதானே. பூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க."

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. செயற்பொறியாளர்கூட அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கார்த்திகையில் என் ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்ற வேண்டாம் என்று ஒரு ஆசை. இந்தக் கோப்பு என் கையால் நகர்ந்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று இன்னொரு ஆசை. இதற்குமேல் காரணம் தேடி நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை.

மீன்காரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னா சரிதான். மேடமே சொல்லிட்டாங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லிடறேன்" என்று சொல்லி, எடை போட்டதற்கு மேல் இரண்டு மீனை எடுத்து என் சட்டியில் போட்டார். அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது என்று வீட்டில் சொன்னார்கள்.

மறுநாள் கரையே ஊமையாகக் கிடந்தது. பதினொரு கதவிலும் பூட்டு. கொடியில் துணி இல்லை. கோழிகளைக்கூடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் காலையில் போட்ட கோலத்தை யாரும் அழிக்க நினைக்கவில்லை. மீன் கழுவும் கல்லில் செதில் காயாமல் மின்னியது. சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி கோலத்தைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தார். கையில் ஒரு படிவம்.

"இதெல்லாம் என்னங்க மேடம்?"

"மீன் காயவைக்கிற கொட்டகைங்க சார். சீசனுக்கு மட்டும் வருவாங்க."

அவர் எழுதப் போனார். அப்போது பூட்டிய ஒரு வீட்டுக்குள்ளிருந்து குக்கர் விசில் அடித்தது. நடக்க முடியாத ஒரு பெரியவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவருக்குச் சோறு வேகட்டும் என்று அடுப்பில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அணைக்கவாவது அவரால் முடியும் என்று நினைத்திருப்பார்கள். அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீடு சார்" என்றேன்.

அந்தப் பதினொன்றை விட்டால் பக்கத்தில் வீடே இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் ரோடு, ரோட்டைத் தாண்டினால் கருவேலங்காடு. இரண்டாவது விசில் அடித்தது. மூன்றாவதும் அடித்தது. அதிகாரி குனிந்து, குடியிருப்பு என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். அவருக்கும் ஊருக்குத் திரும்ப ரயில் இருந்தது. ஜீப்பில் ஏறிய பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன், டிரைவரும் சேர்ந்து சிரித்தார்.

இருபதே நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். வாய்க்கால் எப்படி மாறப்போகிறது என்று கம்ப்யூட்டரில் போட்ட ஒரு படத்தைச் சுவரில் ஒட்டினோம். இரண்டு பக்கமும் சுவர், நடைபாதை, வரிசையாக மரம். மீன்காரம்மாவின் வீடு இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு. அதில் ஜீன்ஸ் போட்ட இரண்டு பெண்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இரண்டு பெண்களை எங்கள் வாய்க்கால் கரையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

பங்குனியில் வளைகாப்பு போட்டு மகளை அழைத்து வந்துவிட்டார் மீன்காரம்மா. எனக்கு ஒரு டப்பாவில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும், ஒரு டஜன் கண்ணாடி வளையலும் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க அன்னிக்குச் சொல்லலன்னா நான் தவிச்சுப் போயிருப்பேன் மேடம். இப்ப நிம்மதியா இருக்கேன்" என்றார். வளையலைப் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போனேன். நன்றாக இருக்கிறது என்று டைப்பிஸ்ட் சொன்னார்.

வடிவமைப்புக்கு முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். கரையோரம் மூன்று இடத்தில் ஆழமாகத் துளை போட்டு மண் எடுப்பார்கள். அந்த வண்டி லாரி அளவுக்கு இருக்கும். இரண்டு இடத்துக்கு வழி இருந்தது. மூன்றாவது இடத்துக்கு ஒரு கொட்டகை குறுக்கே நிற்கிறது, அகற்றித் தரவும் என்று ஆலோசனை நிறுவனம் எழுதியது. வரைபடத்தில் கொட்டகைகளுக்கு எண் போட்டிருந்தார்கள். நான்காம் எண் மீன்காரம்மாவின் வீடு. சுவர் கட்டுவதற்கு இடித்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட இடிக்கப் போகிறோம்.

அவருக்கு நோட்டீஸ் கொடுக்கவில்லை. யாரும் இல்லாத இடத்தில் யாருக்குக் கொடுப்பது? மின்கம்பத்தில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். வேறு யாரோ படித்துச் சொல்லி, அவர் என் வாசலுக்கு வந்தார். கூடை இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

"இப்ப எழுதிக்கிங்க மேடம். நான் இருக்கேன், எம்மவ இருக்குறா. எழுதிக்கிங்க."

"பட்டியல் முடிஞ்சு போயிருச்சும்மா."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "இன்னும் பத்து நாள்ல புள்ள பொறந்துரும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. தீட்டு கழிய பதினாறு நாளு. அதுவரைக்கும் தள்ளிப் போடச் சொல்லுங்க. அப்பறம் நானே பிரிச்சுக் குடுத்துடறேன். மெஷினே வர வேணாம்."

அன்றைக்கே செயற்பொறியாளரிடம் கேட்டேன். கேட்டேன் என்றா சொல்ல வேண்டும், முணுமுணுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மண் ரிப்போர்ட் போனாத்தான் அடுத்த தவணை வரும். ஒரு கொட்டகைக்குப் பிரசவம்னு நான் எப்படிம்மா டைம் கேக்குறது? கொட்டகைன்னு சொன்னது நீங்கதானே?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைக்கூட வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கு மெஷின் வந்தது. நானும் இரண்டு பெண் போலீசும் நின்றோம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பத்து வீட்டாரும் கருவேலங்காட்டுக்குள் நின்று பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. வந்து நின்றால் அவர்களும் அங்கே குடியிருப்பவர்கள் ஆகிவிடுவார்கள். தகரத்தை மட்டும் நெளியாமல் எடுத்துக்கொள்கிறேன் என்று மீன்காரம்மா மெஷின்காரரிடம் கெஞ்சி, தானே மேலே ஏறிக் கழற்றினார். சுவர் இரண்டு இடியில் விழுந்தது. சிமெண்டுத் தரை உடையத்தான் நேரமானது. மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் துளை போடும் வண்டி வந்தது. டிரைவர் இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்தார். இடிந்த கல்லின்மேல் டயர் நிற்காது என்றார். ஆலோசனை நிறுவனத்து ஆளுக்குப் போன் போட்டார். அந்த ஆள் எங்கிருந்தோ, பத்தடி தள்ளிப் போட்டாலும் ஒன்றுதான், ரோட்டு ஓரத்திலேயே போட்டுவிடு என்று சொன்னது எனக்கே கேட்டது. ரோட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தித் துளை போட்டார்கள். காலையிலேயே அங்கே நிறுத்தியிருக்கலாம்.

மீன்காரம்மா அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. தகரங்களை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். வளைகாப்பு போட்டு அழைத்து வந்த பெண்ணைப் பிள்ளை பெறாமல் திருப்பிக் கொண்டுபோய் விடுவதைப் போல ஒரு கேவலம் அவர்கள் பக்கத்தில் கிடையாது. வேறு வழியும் இல்லை.

"எங்கூட மண்டபத்தூருக்கு வாங்க மேடம். சம்பந்தியம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு எடம் ஒதுக்கியாச்சு, வூடு கட்டுனோன மவளையும் புள்ளையையும் அழைச்சிட்டுப் போயிடுவேன்னு. பொய்தான். நீங்க சொன்னா நம்புவா. எம்மவள ஏசாம பாப்பா."

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆட்டோவில் மகளை நடுவில் உட்காரவைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் நானும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள். விஷயம் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. பக்கத்தில் அவளுடைய தம்பி, மீனவப் பஞ்சாயத்தில் இருப்பவர், செல்போனை எங்கள் பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

மீன்காரம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சொன்னார். "எடம் குடுத்துட்டாங்க சம்பந்தியம்மா. ஆபீஸ் மேடமே வந்துருக்காங்க, கேளுங்க."

மாமியார் என்னைத்தான் கேட்டாள். "அப்புடிங்களா மேடம்? இவுங்களுக்கு எடம் எழுதியாச்சுங்களா?"

தம்பியின் செல்போனில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. நாளைக்கு அந்த ஆள் இதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவார். அரசு ஊழியர் வாக்குக் கொடுத்தார் என்பார். யார் கொடுத்தார், எந்தப் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தார் என்று கேட்பார்கள். பட்டியலைத் திறப்பார்கள். குக்கர் விசில் அடித்தபோது வராத பயம் அப்போது வந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தாள்.

"பட்டியல்ல இவங்க பேரு இல்லீங்க" என்றேன்.

அந்த வேலையில் நான் சொன்ன ஒரே உண்மை அது. மாமியார் மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "நீ உள்ள போ. எம்புள்ளையோட வாரிசு நடுத்தெருவுல பொறக்க வேணாம்" என்றாள். மீன்காரம்மாவிடம், "நீங்க இனிமே இந்த வாசப்படி ஏற வேணாம்" என்றாள். கதவைச் சாத்தவில்லை. குறுக்கே நின்றுகொண்டாள், அதுவே போதுமாக இருந்தது.

மீன்காரம்மா திரும்பி நடந்தார். ஆட்டோவில் ஏறிக்கொண்டு, "ஏறுங்க மேடம், வெயில்ல நிக்காதீங்க" என்றார். எனக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். பாதி வழியில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"மேடத்துக்குத் தலத்தெரு. ஒங்கள எங்க எறக்கணும்க்கா?"

எனக்கு ஒரு வீடு இருந்தது, அதில் ஒரு அறை சும்மா கிடந்தது. பிரசவத்தைக்கூட அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே சொல்லியிருக்கலாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேடத்த மொதல்ல வூட்ல விட்டுடு தம்பி" என்றார் மீன்காரம்மா.

என் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டேன். ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்காமல் உள்ளே போய் கேட்டைச் சாத்தினேன்.